வானம் தோண்டியாச்சு, பிசிசி போடலாமா? கடைக்கால் குழியில் மண்ணைச் சோதிக்க முழுமையான வழிகாட்டி

வானம், அதாவது கடைக்கால் குழி, தோண்டி முடிந்த அன்றைக்கு எல்லோருக்கும் பிசிசி போட அவசரம். குழியின் அடியில் முதலில் போடும் கம்பியில்லாத மெல்லிய கான்கிரீட் படுக்கைதான் பிசிசி. கம்பி கட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள், ஜல்லி இறங்கிவிட்டது, மேகம் வேறு திரண்டிருக்கிறது. மேஸ்திரி கடப்பாரையை எடுத்து அடியில் இரண்டு குத்துக் குத்திவிட்டு, "கெட்டி மண்ணுதான், போடலாம்" என்பார். பல தளங்களில் மண் சோதனை அந்த இரண்டு குத்தோடு முடிந்துவிடுகிறது.

"மண் கெட்டியா?" என்ற கேள்வி மட்டும் போதாது. குழிக்குள் இறங்கும்போது மூன்று கேள்விகள் மனதில் இருக்க வேண்டும். வரைபடம் போட்டவர் கணக்கில் எடுத்துக்கொண்ட மண்தான் இங்கே இருக்கிறதா? எல்லாக் குழியிலும் அதே மண்தானா? கான்கிரீட் மூடும்வரை அது கெடாமல் இருக்குமா? கட்டடம் மொத்தமாகச் சேர்ந்து ஒரே அளவு இறங்கினால் சுவருக்குப் பெரிதாகத் தெரியாது. ஒரு தூண் மட்டும் இறங்கும்போதுதான் விரிசல் விடும். அதனால் இரண்டாவது கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன்.

தூணுக்குத் தூண் தனித்தனி ஃபுட்டிங் (தூணின் சுமையை மண்ணில் பரப்பும் அகலமான கான்கிரீட் அடி) உள்ள சிறிய, நடுத்தரக் கட்டடங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். வரிசை மாறினால் சில சோதனைகள் பொய் சொல்லும். ஏன் என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. இறங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தாள்கள். மண் ஆய்வு அறிக்கை, கடைக்கால் வரைபடம், தளத்தின் மட்டக்குறி (உயரங்களை அளக்க வைத்த நிலையான அடையாளம்) எங்கே இருக்கிறது என்ற விவரம். வரைபடத்தின் ஓரத்தில் எந்தத் தாங்குதிறனுக்கு (மண் பாதுகாப்பாகத் தாங்கும் அழுத்தம்), எந்த ஆழத்துக்கு ஃபுட்டிங் கணக்கிடப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். அது இல்லையென்றால் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டு வாங்கிவிட்டு இறங்குங்கள். எதோடு ஒப்பிடுகிறோம் என்றே தெரியாமல் மண்ணைப் பார்த்துப் பயனில்லை.

அறிக்கையில் புதியவர்கள் தாங்குதிறன் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதைவிட முக்கியம் துளை விவரப் பக்கம், அதாவது ஆய்வுக்காகத் தரையில் போட்ட துளைகளின் விவரம். எந்த ஆழத்தில் என்ன மண், எஸ்பிடி அடி எண்ணிக்கை எவ்வளவு, தண்ணீர் எந்த ஆழத்தில், எந்த மாதத்தில் அளந்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். எஸ்பிடி என்பது 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக் குழாயை 45 செ.மீ. இறக்குவது. கடைசி 30 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுந்தது என்பதே எண்ணிக்கை. துளையின் அகலமோ வெறும் 10, 15 செ.மீ. அளவுதான். இரண்டு துளைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பது குழி தோண்டும்போதுதான் தெரியவரும்.

இன்னொரு பொறி உண்டு. ஆய்வு நடந்த நாளின் தரைமட்டமும் இன்றைய தரைமட்டமும் ஒன்றுதானா என்று பாருங்கள். இடையில் யாராவது மனையை 60 செ.மீ. மேடாக்கியிருந்தால், இன்றைய தரையிலிருந்து 1.5 மீட்டர் தோண்டியும் நீங்கள் நிற்பது பழைய தரையிலிருந்து 90 செ.மீ. ஆழத்தில்தான். டேப் சரியாகத்தான் காட்டும், ஆனால் நிற்பது வேறு மண்மீது. மாறாத ஒரு மட்டக்குறியிலிருந்து அளந்தால் இந்தக் குழப்பமே வராது.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு முனை கூராக்கிய 12 மி.மீ. கம்பி ஒன்றரை மீட்டர் நீளம், 2 கிலோ சுத்தியல், மண்வெட்டி, கரணை, டேப், தண்ணீர் மட்டக் குழாய், ஒரு பாட்டில் தண்ணீர், நேரான கண்ணாடிக் குடுவை, பாலித்தீன் பை, குழி எண் எழுத ஒரு பலகை. பாக்கெட் பெனட்ரோமீட்டர் (களியில் அழுத்தி வலிமையைப் படிக்கும் சிறு கருவி) கிடைத்தால் நல்லது.

2. இறங்கலாமா என்று முதலில் மேலிருந்தே பாருங்கள்

ஒரு கன மீட்டர் மண்ணின் எடை 1.6 முதல் 2 டன் வரை வரும். மார்பளவு புதைந்தாலே மூச்சு விட முடியாமல் போகலாம். ஆகவே இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

குழியின் விளிம்புக்கு இணையாகத் தரையில் விரிசல் ஓடுகிறதா, பக்கச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, அடியில் சிறு கட்டிகள் உதிர்ந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் இறங்க வேண்டாம். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்திருந்தால் குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளிப் போடச் சொல்லுங்கள். குழி ஆழமானால் இன்னும் தள்ளி. 1.2 மீட்டருக்கு மேல் ஆழமென்றால் பக்கங்களைச் சரிவாக வெட்டியோ முட்டுக் கொடுத்தோதான் ஆள் இறங்க வேண்டும். ஏணி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், மேலே ஒருவர் நிற்கட்டும். பழைய கிணறோ கழிவுத்தொட்டியோ திறந்துகொண்டால் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். அங்கே நச்சுக் காற்று தங்கியிருக்கும்.

பக்கத்துக் கட்டடத்தின் கடைக்காலைவிட ஆழமாகத் தோண்டுகிறீர்களா என்பதையும் இப்போதே பாருங்கள். அப்படியென்றால் மண் சோதனையை நிறுத்திவிட்டுப் பொறியாளரை அழைக்க வேண்டும். அந்தச் சுவர் நிற்பது நீங்கள் வெட்டியெடுத்த மண்ணின் ஆதரவில்.

3. கலையாத மண்ணை வெளியே கொண்டுவாருங்கள்

இயந்திரத்தின் பக்கெட் பற்கள் அடிமண்ணை 10, 15 செ.மீ. ஆழம்வரை உழுதுவிடும். அதன்மேல் ஆட்கள் நடந்து சமமாக்கிவிட்டால், பார்க்க நன்றாக இருக்கும். அந்த உழுத மண்ணில் எந்தச் சோதனை செய்தாலும் விடை தவறு. சில இடத்தில் நல்ல மண்ணை மோசமென்று காட்டும், சில இடத்தில் மிதிபட்டு இறுகியதை நல்ல மண்ணென்று காட்டும்.

அதனால் இயந்திரத்தைக் கடைசி 15 செ.மீ.க்கு முன்பே நிறுத்திவிடுங்கள். மீதியை மண்வெட்டியால் கையாலேயே எடுக்க வேண்டும், அதுவும் பிசிசி போடும் நாளையொட்டி. மேலே உள்ள அந்த 15 செ.மீ. வெயிலுக்கும் மழைக்கும் போர்வை மாதிரி. இன்றைக்குச் சோதனைக்கு மட்டும், ஒவ்வொரு குழியின் நடுவிலும் இரண்டு எதிர் மூலைகளிலும் ஒரு முறம் அகலத்துக்குச் சுரண்டி, புதிய மண்ணைத் திறந்தால் போதும்.

4. பக்கச் சுவரைப் படியுங்கள்

எல்லோரும் அடியைப் பார்ப்பார்கள், சுவரை யாரும் பார்க்க மாட்டார்கள். மேலிருந்து கீழ்வரை அரை மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையைக் கரணையால் சுரண்டுங்கள். பக்கெட் இழுத்த பூச்சு போனதும் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு அடுக்கின் நிறம், தடிமன், ஈரம் எல்லாவற்றையும் குறித்து, அறிக்கையின் துளை விவரத்தோடு ஒத்துப் பாருங்கள்.

இங்கே தேட வேண்டிய முதல் விஷயம், இது இயற்கையாகப் படிந்த மண்ணா, யாராவது கொட்டி நிரப்பியதா என்பது. செங்கல் துண்டு, பிளாஸ்டிக், கரி, கண்ணாடிச் சில்லு, ஓட்டுத் துண்டு இருந்தால் சந்தேகமே வேண்டாம். சில சமயம் நிரப்பியது சுத்தமான மண்ணாகவே இருக்கும். அப்போது இரண்டு நிறக் கட்டிகள் கலந்து கிடக்கும், அடுக்குகள் தொடர்ச்சியாக ஓடாமல் வெட்டுப்பட்டு நிற்கும். இயற்கை மண்ணில் மெல்லிய வேர்த் துளைகள் நேராக இறங்கியிருக்கும், நிறம் மெல்ல மெல்ல மாறும். நிரப்பிய மண் எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும், முறையாக இறுக்கியது என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் அதன்மேல் ஃபுட்டிங் வைக்கக் கூடாது.

நிறமும் பேசும். சிவப்பு, மஞ்சள் என்றால் அங்கே காற்றோட்டம் இருந்திருக்கிறது, இரும்பு துருவேறிய நிறம் அது. சாம்பல், நீலப்பச்சை என்றால் நீண்டகாலம் தண்ணீரில் ஊறிக் கிடந்த மண். சாம்பலில் சிவப்புத் திட்டுகள் கலந்திருந்தால் நிலத்தடி நீர் அந்த உயரம்வரை ஏறி இறங்குகிறது. இன்று குழி உலர்ந்திருக்கிறதே என்று நம்பிவிடாமல் இருக்க இந்தத் திட்டுகள் உதவும்.

ஒரு தளத்தில் எனக்கு நடந்தது. பன்னிரண்டு குழியும் ஒரே மாதிரி செம்மண். அடியில் கடப்பாரை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒலித்தது. ஒன்பதாவது குழியின் சுவரில் மட்டும் ஒரு மூலையில் செம்மண் பட்டை வளைவாக அறுபட்டு, அதன் பக்கத்தில் கொஞ்சம் கருத்த மண் நின்றது. நான் அதை வேர் அழுகிய இடம் என்று நினைத்து நகர்ந்துவிட்டேன். கூட வந்த வயதான சித்தாள் அம்மாதான், "இது கெணத்து வளைவு மாதிரி இருக்கே சார்" என்றார். கம்பியை இறக்கினால் ஒன்றரை மீட்டரும் கைப்பலத்திலேயே போய்விட்டது. தூர்த்த பழைய கிணற்றின் விளிம்பு. என் கடப்பாரை ஒலித்தது, தூர்க்கும்போது போட்ட கருங்கல்மேல்.

5. இது என்ன மண்? கையாலேயே கண்டுபிடியுங்கள்

ஆய்வகம் இல்லாமலே மண்ணின் வகையை ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். சரளையும் மணலும் கண்ணுக்கே தெரியும். சுமார் 0.075 மி.மீ.க்குக் கீழே போனால் துகள் தனித்தனியாகக் கண்ணுக்குப் பிடிபடாது. அங்கே வண்டலும் களியும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இரண்டும் தண்ணீரிலும் சுமையிலும் வேறுவேறு விதமாக நடந்துகொள்ளும், அதனால் பிரித்தறிவது அவசியம்.

ஒரு எலுமிச்சை அளவு மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுங்கள். 5 செ.மீ.க்கு மேல் அறுபடாமல் நீண்டால் களி நிறைய இருக்கிறது. நீளாமல் உடைந்து விழுந்தால் வண்டலோ மணலோ அதிகம்.

அடுத்து, கொஞ்சம் கூடுதலாக நனைத்த மண்ணை உள்ளங்கையில் அடையாக வைத்து, மறு கையால் அந்தக் கையைப் பக்கவாட்டில் தட்டுங்கள். மேற்பரப்பில் தண்ணீர் கசிந்து பளபளத்து, அடையை அமுக்கியதும் பளபளப்பு மறைந்தால் அது வண்டல் அல்லது நுண்மணல். களி எத்தனை தட்டினாலும் அசையாது. இந்தச் சோதனையை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

வண்டலைக் களி என்று எண்ணுவதுதான் தளத்தில் நடக்கும் பெரிய தவறு. உலர்ந்த வண்டல் நிமிர்ந்து நிற்கும், வெட்டினால் வழவழவென்று இருக்கும். தண்ணீர் வந்து ஆட்கள் நாலு முறை மிதித்ததும் கூழாகிவிடும். காலையில் ஒப்புதல் கொடுத்த குழியில் மாலையில் கால் புதையும்.

சந்தேகம் இருந்தால் குடுவைச் சோதனை. குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் படிய ஓரிரு மணி நேரம் ஆகும். களி மறுநாளும் கலங்கியே நிற்கும்.

கடைசியாக மூக்கு. புதிதாக உடைத்த ஈரக் கட்டியை முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடை, கருப்பு நிறம், நார், கையில் பஞ்சு மாதிரி எடை குறைவு இவை சேர்ந்து இருந்தால் மக்கு மண். அதை முழுதும் எடுத்தே ஆக வேண்டும். சுமை ஏறிய பிறகும் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் கருப்பு நிறம் மட்டும் இருந்தால் மக்கு என்று முடிவு கட்டாதீர்கள், கரிசலும் கருப்புத்தான்.

6. எவ்வளவு கெட்டி? கட்டை விரலும் கம்பியும்

மண் வகை தெரிந்த பிறகுதான் கெட்டியைப் பார்க்க வேண்டும். களிக்கு ஒரு சோதனை, மணலுக்கு வேறு சோதனை.

களியில் கட்டை விரல் போதும். பிடித்து இறுக்கினால் விரலிடுக்கில் பிதுங்குகிறதா, மிகவும் மென்மை. லேசான அழுத்தத்தில் உருமாறினால் மென்மை. பலமாக அமுக்கினால்தான் உருமாறும் என்றால் நடுத்தரம். கட்டை விரலால் அழுத்தித் தடம் மட்டும் பதிக்க முடிந்தால் கெட்டி. நகத்தால்தான் கீற முடியும் என்றால் மிகவும் கெட்டி. இந்த ஒவ்வொரு படிக்கும் மண்ணின் அழுத்த வலிமை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மென்மை முடிந்து நடுத்தரம் தொடங்கும் இடம் 50 கிலோபாஸ்கல், கெட்டி தொடங்கும் இடம் 100, மிகவும் கெட்டி 200. பாக்கெட் பெனட்ரோமீட்டர் அளப்பதும் இதைத்தான். அதன் முனையைக் கோடுவரை, அதாவது 6 மி.மீ. சொச்சம், சீராக அழுத்திப் படிக்க வேண்டும். ஒரு இடத்தில் ஐந்தாறு முறை எடுத்துச் சராசரி பாருங்கள். கல்மேல் பட்ட எண்ணைத் தள்ளிவிடுங்கள். இந்த எண் மண்ணின் அழுத்த வலிமை. அதையே ஃபுட்டிங்கின் தாங்குதிறன் என்று எழுதிவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டும் ஒன்றல்ல.

களியில் ஓர் எச்சரிக்கை. வெயிலில் இரண்டு நாள் காய்ந்த களி பாறை மாதிரி இருக்கும். அதைச் சுரண்டி, உள்ளே இருக்கும் இயல்பான ஈரத்தில்தான் விரலை வைக்க வேண்டும். மூன்றாவது படியை முதலில் செய்யச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

மணலில் விரல் சோதனை ஒன்றும் சொல்லாது. அங்கே 12 மி.மீ. கம்பி. கையால் தள்ளினாலே சுலபமாக இறங்கினால் பொலபொல மணல். 2 கிலோ சுத்தியலால் தட்டியதும் எளிதாக இறங்கினால் நடுத்தரம். ஓங்கி அடித்தும் 30 செ.மீ. அளவோடு திணறினால் அடர்த்தி. சில செ.மீ.கூடப் போகாமல் எகிறினால் மிகவும் அடர்த்தி. சரளை கலந்திருந்தால் கம்பி கல்லில் முட்டி ஏமாற்றும். அரையடி தள்ளி மூன்று நான்கு இடத்தில் போட்டுப் பாருங்கள்.

7. அடிக்கும் அடியில் என்ன?

ஃபுட்டிங்கின் சுமை அடிமண்ணோடு நின்றுவிடாது. சதுர ஃபுட்டிங்கில், அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்திலும் மேலே உள்ள அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருக்கும். 1.5 மீட்டர் அகல ஃபுட்டிங் என்றால் 3 மீட்டர் ஆழம்வரை மண் வேலை செய்கிறது. மேலே அரை மீட்டர் கெட்டி மண், அதன் கீழே சதுப்பு என்றால் நீங்கள் அப்பளத்தின்மேல் நிற்கிறீர்கள்.

ஒவ்வொரு குழியிலும் நடுவிலும் நான்கு மூலையிலும் கம்பியை இறக்குங்கள். இறங்கிய ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டும்போது ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்த கம்பி திடீரென்று வழுக்கிக்கொண்டு இறங்கினால், அந்த ஆழத்தைக் கண்டிப்பாகக் குறியுங்கள். கையால் திருகும் மண் துளைப்பான் இருந்தால் இரண்டு மீட்டர்வரை மாதிரியே எடுத்துப் பார்க்கலாம்.

இன்னும் நம்பகமாக வேண்டுமென்றால் டைனமிக் கோன் பெனட்ரோமீட்டர். 8 கிலோ எடை 57.5 செ.மீ. உயரத்திலிருந்து விழும், ஒவ்வொரு முறை விழும்போதும் கூம்பு முனை எத்தனை மி.மீ. மண்ணில் இறங்குகிறது என்று குறிப்பார்கள். எண்ணைத் தாங்குதிறனாக மாற்றுவதைப் பொறியாளரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, எந்த ஆழத்தில் எண் திடீரென மாறுகிறது, பக்கத்துக் குழியில் அதே ஆழத்தில் என்ன எண் என்பதைத்தான்.

சோதித்த துளைகளை அப்படியே விட்டுவிடாமல் சிமெண்ட் கூழோ மணலும் சிமெண்டும் கலந்த கலவையோ ஊற்றி நிரப்புங்கள். இல்லாவிட்டால் மழைநீர் நேராக அடியில் இறங்க நீங்களே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி.

8. எல்லாக் குழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

இதுவரை குறித்ததை ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். குழி எண், அடிமட்டம், மண் வகை, கெட்டி, கம்பி இறங்கிய ஆழம், தண்ணீர். எழுதி முடித்ததும் பாருங்கள், தனியாகப் பார்த்தபோது "பரவாயில்லை" என்று தோன்றிய குழி மற்றவற்றின் நடுவே துருத்திக்கொண்டு நிற்கும். கிணறு கிடைத்த தளத்தில் இந்தத் தாளைப் போட்டிருந்தால் எனக்கு அந்த அம்மாவின் உதவி தேவைப்பட்டிருக்காது.

சுவரில் விரிசல் வராமலிருக்க, பக்கத்துப் பக்கத்துத் தூண்களின் இறக்க வித்தியாசம் அவற்றின் இடைவெளியில் முந்நூறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. நான்கு மீட்டர் இடைவெளிக்கு அது வெறும் 13 மி.மீ. நம் சுண்டுவிரல் தடிமன். ஒரு குழி கெட்டிக் களியிலும் பக்கத்துக் குழி நிரப்பிய மண்ணிலும் இருந்தால் இந்த 13 மி.மீ. ஒன்றுமே இல்லை.

பாதி பாறை, பாதி மண் என்று ஒரே குழிக்குள் வந்தால் பலர் சந்தோஷப்படுவார்கள். "பாறை கிடைச்சிருச்சு!" உண்மையில் அதுதான் மோசமான நிலை. பாறை இறங்காது, மண் இறங்கும், ஃபுட்டிங் பாறையின் விளிம்பில் முறியும். அதைவிட எல்லாக் குழியும் சுமாரான ஒரே மண்ணில் இருப்பது மேல்.

9. தண்ணீர்

அடியில் ஊற்று வருகிறதா, பக்கச் சுவரில் எந்த உயரத்தில் கசிகிறது, மாலையில் இறைத்தால் காலைக்குள் எவ்வளவு ஏறுகிறது என்று மூன்றையும் எழுதுங்கள். மணலில் நீர்மட்டம் ஃபுட்டிங் அடிவரை ஏறினால் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகலாம். தண்ணீருக்குள் மூழ்கிய மண்ணின் பயன்படும் எடை பாதியாகக் குறைந்துவிடுவதுதான் காரணம். கோடையில் ஆய்வு செய்து மழைக்காலத்தில் தோண்டினால் இந்த வித்தியாசம் முகத்தில் அடிக்கும்.

இறைக்கும் பள்ளத்தை ஃபுட்டிங் பரப்புக்கு வெளியே மூலையில் வெட்டுங்கள். குழியின் நடுவிலேயே மோட்டாரைப் போட்டால் தண்ணீரோடு நுண்மண்ணையும் அது உறிஞ்சிவிடும். வெளியே வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துத் தெளியவிட்டுப் பாருங்கள். அடியில் மண் படிந்தால் உங்கள் அஸ்திவார மண்தான் வாளியில் வந்து சேர்ந்திருக்கிறது. அடிமணல் கொதிப்பது போலக் குமிழியிட்டால் இறைப்பதையே நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

10. விரியும் களியும் வெள்ளை உப்பும்

கோடையில் ஆழமான வெடிப்பு விடும் மண், ஈரமானால் சோப்பு மாதிரி வழுக்கும் மண், உடைத்தால் உள்ளே மெருகு போட்டதுபோல் மினுங்கும் முகங்கள் உள்ள மண். இவை ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும் களியின் அடையாளம். இதில் கெட்டியாக இருப்பதே ஆபத்து, ஏனென்றால் காய்ந்திருக்கிறது, தண்ணீர் கிடைத்ததும் மேலே தூக்கும்.

சந்தேகம் வந்தால் எளிய சோதனை ஒன்று. உலர்த்திப் பொடித்து 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவுக் குழாய்களில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். கிளறிக் காற்றை வெளியேற்றி 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் விரியாது. தண்ணீரில் 18 மி.லி., மண்ணெண்ணெயில் 10 மி.லி. என்று நின்றால் விரிவு 80 சதவீதம். 50க்குக் கீழே கவலை குறைவு, 100ஐத் தாண்டினால் சாதாரண ஃபுட்டிங் போடும் யோசனையையே மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

சுவரில் வெள்ளைப் பூப்போ, மண்ணுக்குள் மினுங்கும் படிகங்களோ தெரிந்தால் மாதிரி எடுத்து சல்பேட், குளோரைடு பரிசோதனைக்கு அனுப்புங்கள். சல்பேட் கான்கிரீட்டை அரிக்கும், குளோரைடு கம்பியைத் துருவேற்றும். எந்த சிமெண்ட் என்பது அந்த முடிவைப் பொறுத்தது.

11. மண் சரியில்லை என்றால்

இந்த முடிவு உங்களுடையதும் அல்ல, மேஸ்திரியுடையதும் அல்ல. தாளையும் படங்களையும் கட்டமைப்புப் பொறியாளருக்கு அனுப்பிவிட்டு அந்தக் குழியில் வேலையை நிறுத்துங்கள். ஆழப்படுத்துவதா, ஃபுட்டிங்கை அகலப்படுத்துவதா, கெட்ட மண்ணை எடுத்து வேறு நிரப்புவதா, ராஃப்ட்டா (கட்டடம் முழுதுக்கும் ஒரே கான்கிரீட் பலகை), பைலா (ஆழத்தில் இறக்கும் கான்கிரீட் தூண்) என்று அவர் சொல்லட்டும். ஆனால் அவர் வருவதற்குள் நடக்கும் "சின்னச் சின்னத் திருத்தங்கள்" சில உண்டு, அவற்றைத் தடுப்பது உங்கள் வேலை.

கூடுதலாகத் தோண்டிவிட்டால் அந்த மண்ணையே திரும்பப் போட்டு மிதிப்பது முதல் தவறு. தோண்டிய மண் எத்தனை மிதித்தாலும் பழைய அடர்த்திக்கு வராது. பள்ளத்தை மெலிந்த (சிமெண்ட் குறைந்த) கான்கிரீட்டால் நிரப்புவதே வழி. மணலோ சரளையோ நிரப்பச் சொன்னால் 15, 20 செ.மீ. அடுக்கடுக்காக, ஒவ்வொன்றையும் இயந்திரத்தால் இறுக்கி, அடர்த்தியைச் சோதித்துத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். ஃபுட்டிங் விளிம்பைத் தாண்டியும் அந்த நிரப்பு நீள வேண்டும், சுமை பக்கவாட்டிலும் விரிந்துதான் இறங்குகிறது.

ஒரு குழியை மட்டும் தன்னிஷ்டத்துக்கு ஆழப்படுத்துவது இரண்டாவது தவறு. பக்கத்து ஃபுட்டிங்கின் கீழ் விளிம்பிலிருந்து இந்தக் குழியின் அடிக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இரண்டு பங்குக்கு ஆழம் ஒரு பங்கைத் தாண்டினால் மேலே உள்ள ஃபுட்டிங்கின் மண் நழுவ வாய்ப்புண்டு. ஆழமான குழியை முதலில் கான்கிரீட் போட்டுவிட்டு மேலே வருவதே சரியான வரிசை.

12. ஒப்புதலுக்கும் பிசிசிக்கும் நடுவே

மண் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட பிறகு கெடுவதுதான் அதிகம். கடைசி 15 செ.மீ.யைக் காலையில் எடுங்கள், கரையான் தடுப்பு மருந்து உண்டென்றால் அது ஊறியதும், அன்றைக்கே 75 முதல் 100 மி.மீ. பிசிசி போட்டு மூடிவிடுங்கள். ஒரே நாளில் மூட முடிகிற குழிகளை மட்டும் திறக்கவும். பத்துக் குழியையும் திறந்துவைத்துவிட்டு மூன்றுக்கு மட்டும் கான்கிரீட் வந்தால், மீதி ஏழும் இரவெல்லாம் வானத்தைப் பார்த்துக் கிடக்கும்.

உலர்ந்த மண்ணைப் பிசிசிக்கு முன் நனைக்கச் சொல்வார்கள். தெளித்தால் போதும், குழாயைத் திறந்து தேக்க வேண்டாம். சேறான அடியில் ஜல்லியைப் பரப்பி மறைப்பதும் கூடாது, ஜல்லி இறங்கும், சேறு மேலே வரும்.

ஒவ்வொரு குழிக்கும் எண் பலகையும் டேப்பும் தெரியும்படி அடிக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று எனப் படம் எடுங்கள். ஓர் உள்ளங்கை அளவு மாதிரியைப் பையில் கட்டி எண் போட்டு வையுங்கள். பிசிசி விழுந்தபின் யாரும் அந்த மண்ணைத் திரும்பப் பார்க்க முடியாது.

இரவில் மழை பெய்துவிட்டால், ஒப்புதல் கொடுத்த குழியாக இருந்தாலும் காலையில் மறுபடி இறங்குவதற்கு முன் பக்கச் சுவரைப் பாருங்கள். தண்ணீரை இறைத்துவிட்டுக் கட்டை விரலை வையுங்கள். மேலே இரண்டு விரற்கடை குழைந்திருந்தால், கெட்டி மண் வரும்வரை அதைச் சுரண்டி எடுத்து, குறைந்த மட்டத்தைக் கூடுதல் பிசிசியால் ஈடுகட்டுங்கள். அப்புறம் தண்ணீர் மட்டக் குழாயை எடுத்து, பிசிசியின் மேல்மட்டத்தை மட்டக்குறியிலிருந்து இன்னொரு முறை சரிபாருங்கள். கம்பி கட்டுகிறவர் அடுத்துக் கேட்கப்போவது அந்த அளவைத்தான்.